‘யாரது?’ என்று கேட்டால் மணி குரைக்குமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய தனி வீடு எங்களுடையது. கணவருக்கு டீ ஃபேக்டரியில் வேலை, வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். அப்போது வீட்டில் நானும் மாமியாரும் ஐந்து வயது மகளும்தான். லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த ஒரு நாய் வளர்க்கிறோம். பெயர் மணி. ஆறு மாதக் குட்டியாக வந்தான், இப்போது இரண்டு வயது. இதுவரை அவன் குரைத்து நாங்கள் கேட்டதில்லை. கேஸ் சிலிண்டர் வண்டி வரும்போது மட்டும் ‘உஃப்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். போன மாதம் ராத்திரி ஒரு கரடி வாசல் வரை வந்து, உதிர்ந்து கிடந்த பேரிக்காயைத் தின்றுவிட்டுப் போனது. இவன் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தான். ‘மணின்னு பேரு வெச்சும் சத்தத்தையே காணோமே’ என்று பக்கத்தில் கிண்டல். நானே அவன் முன்னால் உட்கார்ந்து ‘லொள் லொள்’ என்று குரைத்துக் காட்டினேன். என் முகத்தை நக்கினான். பச்சை மிளகாய் கொடுத்தால் ரோஷம் வரும் என்கிறார் ஒருவர். ராத்திரி வராந்தாவில் கட்டிப்போட்டால் தானாகக் குரைப்பான் என்கிறார் மாமியார். சொன்னால் குரைக்கும்படி பழக்க முடியுமா? கேட்டருகே ஆள் வந்தாலும், கரடி, சிறுத்தை வந்தாலும் குரைக்க வேண்டும். இல்லாவிட்டால் நன்றாகக் குரைக்கிற இன்னொரு நாயைத் துணைக்கு வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பழக்க முடியும். தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் மூன்று நான்கு வாரத்தில் பலன் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நீங்கள் சொல்லும்போது குரைப்பது ஒன்று. நீங்கள் தூங்கும்போது ஆள் வந்ததைத் தானாக அறிந்து குரைப்பது வேறொன்று. முதலாவதைக் கற்றுக்கொடுக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் நாயின் சுபாவத்தைப் பொறுத்தது. ஏவலுக்குக் குரைக்கிற நாய் காவலுக்கும் குரைக்கும் என்று நம்பிவிட்டால் பிறகு ஏமாற்றம்தான். கேட்டருகே ஆள் நிற்கிற சமயத்துக்கு முதலாவதே உங்களுக்குப் போதும். கரடிக்கும் சிறுத்தைக்கும் இந்தப் பயிற்சியைப் பயன்படுத்தவே கூடாது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அந்தப் பகுதியைத் தயவுசெய்து மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பயிற்சிக்கு முன்னால் காதும் தொண்டையும். மணி அசந்து தூங்கும்போது பின்பக்கமாக, பக்கத்து அறையில் நின்று பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். காது அசைந்தால் போதும். கிட்டே போய்க் கைதட்டிப் பார்ப்பது சரிவராது. காற்று அசைவதையும் தரை அதிர்வதையும் காது கேளாத நாய்கூட உணர்ந்துகொள்ளும். ராஜபாளையம் மாதிரி முழுவெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு என்பதால் அவற்றை வளர்ப்பவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். மணி என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை.

தொண்டையைப் பொறுத்தவரை, குட்டியிலிருந்தே குரைக்காத நாயைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. நேற்றுவரை குரைத்த நாய் இன்று குரைக்கவில்லை என்றாலோ, குரல் கரகரப்பாக மாறினாலோதான் கவலை. வயதான லேப்ரடார்களுக்குக் குரல்வளைத் தசை செயலிழந்து குரல் கம்மிப்போவதும், கொஞ்ச தூரம் நடந்தாலே இரைச்சலோடு மூச்சு வாங்குவதும் உண்டு. கழுத்துப்பட்டை இறுகியும் தொண்டை புண்ணாகலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது வெறிநோய். குரல் மாறுவது அதன் அறிகுறிகளில் ஒன்று. அப்படி ஒரு நாயின் வாயைத் திறந்து ‘எலும்பு மாட்டியிருக்கிறதா’ என்று பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது 1907இல், இதே நோய்க்காகத்தான். நூறு வருடத்துக்கு மேலாகத் தடுப்பூசி தயாரித்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வருடாந்தர ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். மணிக்குப் போட்டாகிவிட்டதா என்று அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

சரி, மணி ஆரோக்கியமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதற்குக் குறை ஒன்றுமில்லை, பேசாத சுபாவம். லேப்ரடார் கலப்பு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வேட்டையில் விழுந்த பறவையைச் சத்தமில்லாமல் கவ்விக்கொண்டு வருவதற்காக வளர்க்கப்பட்ட இனம் அது. ஆனால் லேப்ரடாரைக் குரைக்க வைக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை கூட்டிப்போன ரோமியோ, ஜூலி இரண்டுமே லேப்ரடார்கள்தான். இடிபாட்டுக்குள் உயிரோடு இருந்த ஆறு வயதுச் சிறுமியை ஜூலி மோப்பம் பிடித்துக் குரைத்துக் காட்டியது, ரோமியோ வந்து அதை உறுதி செய்தது. உள்ளே உயிர் இருந்தால் குரை என்பது அந்த நாய்களுக்குக் கொடுக்கிற பாடம். அந்தப் பாடத்தின் முதல் படியும் நீங்கள் வீட்டு ஹாலில் செய்யப்போவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி சிலிண்டர் வண்டி பற்றியது. குரைக்கவே குரைக்காத நாய்க்குப் பயிற்சியாளர்கள் முதலில் தேடுவது இப்படி ஒரு சமாச்சாரத்தைத்தான். எது அந்த ‘உஃப்’பை வரவழைக்கிறது? வண்டியா, ஆளா, சிலிண்டரில் ஸ்பேனரால் தட்டுகிற ‘டங் டங்’கா? என் ஊகம் மூன்றாவது. அடுத்த முறை வண்டி வரும்போது கவனியுங்கள். கூடவே இரண்டு மூன்று நாளைக்கு மணி எந்த நேரத்தில் எதற்காக எந்தச் சத்தம் போட்டாலும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தகரக் கூரையில் குரங்கு ஓடும்போது? மகள் பந்தை ஒளித்து வைக்கும்போது? கணவரின் பைக் வளைவில் திரும்பும்போது? இதில் எது கிடைத்தாலும் அதுதான் உங்கள் ‘சாவி’. கிடைத்தது ஸ்பேனர் சத்தம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

என்ன வார்த்தை சொல்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ‘குரை’ வேண்டாம். கதவுக்கு வெளியே நிற்கிறவன் காதில் ‘குரை, குரை’ என்று விழுந்தால் மானம் போய்விடும். ராத்திரி கதவைத் தட்டினால் நாம் இயல்பாகக் கேட்பது ‘யாரது?’ என்றுதான். அதையே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளே இருந்து ‘யாரது?’ என்கிறீர்கள், நாய் குரைக்கிறது. வெளியே இருப்பவனுக்கு அது ஏவல் என்றே தெரியாது. ஃபோனில் பேசும்போது சொல்கிற ‘யாரு?’வோடு குழம்பாமல் இருக்க ‘யாரது’ என்று முழுசாக, ஒரே ராகத்தில் சொல்லிப் பழகுங்கள்.

கூலிக்கு வேகவைத்த கோழி ஈரல், உப்பில்லாமல், கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கியது. வெங்காயம் போட்ட குழம்பிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது. வர்க்கி பிஸ்கட் கொடுக்கலாமா என்று நம் ஊரில் கேட்பார்கள். கடித்ததும் அது நூறு துண்டாக உதிரும், நாய் தரையை நக்கி முடிப்பதற்குள் பாடம் மறந்துபோகும். நெய்யும் சர்க்கரையும் வேறு. சுற்றுலா போகிறவர்கள் வாங்குகிற ஊட்டி சாக்லேட் நாய்க்கு விஷம், கறுப்புச் சாக்லேட் இன்னும் மோசம். திராட்சையும் அப்படித்தான்.

இனி பாடம். சாயங்காலம், மணிக்குச் சாப்பாடு வைப்பதற்கு முன்னால். கணவர் ஸ்பேனரோடு கேட்டுக்கு வெளியே மறைவாக நிற்கட்டும். நீங்கள் ஹாலில் மணியோடு. ஈரல் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில், மணியின் கண்ணில் படாமல் இருக்கட்டும். ‘யாரது?’ என்று கணவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். அவருக்கும் அதுதான் சைகை. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து அவர் கேட் கம்பியில் ஒரு தட்டு தட்ட வேண்டும். மணி ‘உஃப்’ என்கும். அந்தச் சத்தம் காற்றில் இருக்கும்போதே ‘சபாஷ்’ என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஈரலை எடுத்துக் கொடுங்கள்.

இதில் இரண்டு இடங்களில் எல்லோரும் சறுக்குவார்கள். ஒன்று வரிசை. ‘யாரது’ முதலில், தட்டு பிறகு. தட்டிய பிறகு ‘யாரது’ என்றால், ஏற்கெனவே ‘உஃப்’ என்றுவிட்ட நாய்க்கு உங்கள் வார்த்தை வெறும் பின்பாட்டு. வார்த்தை வந்தால் அடுத்து தட்டு வரும் என்று அது தெரிந்துகொண்டால்தான் தட்டுக்குக் காத்திராமல் வார்த்தைக்கே குரல் கொடுக்கத் தொடங்கும். இன்னொன்று நேரம். ‘உஃப்’ என்றதும் நீங்கள் எழுந்து, கிண்ணத்தைத் தேடி, துண்டை எடுப்பதற்குள் மணி உட்கார்ந்திருக்கும், இல்லை வாயை நக்கியிருக்கும். உட்கார்ந்ததற்குத்தான் ஈரல் என்று அது நினைத்துக்கொள்ளும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘சபாஷ்’. முதல் நாள் பாடம் எதுவும் இல்லாமல் ‘சபாஷ்’, ஈரல், ‘சபாஷ்’, ஈரல் என்று பத்துப் பதினைந்து தடவை கொடுத்து, அந்த வார்த்தைக்கு ஒரு விலை ஏற்றிவிடுங்கள்.

ஒரு பாடம் மூன்று நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. நாளைக்கு இரண்டு வேளை. மணி இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

நான்கைந்து நாள் போனதும் ஒரு மாற்றம் தெரியும். ‘யாரது?’ என்றதுமே மணியின் காது இரண்டும் கேட் பக்கம் திரும்பும். முன்கால்களை மாற்றி மாற்றி வைக்கும். மூடின வாய்க்குள் கன்னம் ஒரு தடவை உப்பி அடங்கும். அன்றைக்குத் தட்ட வேண்டாம் என்று கணவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, ‘யாரது?’ என்று கேட்டுச் சும்மா இருங்கள். மனசுக்குள் நான்கு எண்ணுங்கள். இரண்டாவது தடவை சொல்லாதீர்கள். தட்டு இல்லாமலேயே ‘உஃப்’ வந்துவிட்டால் ஒரு துண்டோடு நிறுத்தாமல் நான்கைந்து துண்டை ஒவ்வொன்றாக ஊட்டிவிட்டு அன்றைய பாடத்தை அதோடு முடியுங்கள். வராவிட்டால் மறுபடி தட்டுக்குப் போகலாம், அவசரமில்லை.

வார்த்தைக்கு ‘உஃப்’ வர ஆரம்பித்த பிறகுதான் அதைக் குரைப்பாக வளர்க்க வேண்டும். முதல் ‘உஃப்’புக்கு ஈரல் கொடுக்காமல் மணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருங்கள். ‘சத்தம் போட்டேனே, எங்கே?’ என்று குழம்பும். இரண்டாவது ‘உஃப்’ கொஞ்சம் பலமாக வரும். மூன்றாவதில் வாய் திறந்து ‘வள்’ என்று ஒன்று விழும். விழுந்த உடனே ‘சபாஷ்’. இனிமேல் ‘உஃப்’புக்குக் கூலி கிடையாது, ‘வள்’ளுக்குத்தான். ஆனால் அளவு பார்த்துச் செய்யுங்கள். நாய் கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாலோ நீங்கள் அதிகம் கேட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு படி இறங்கி வாருங்கள்.

ஸ்பேனர் வேலை செய்யவில்லை என்றால் பந்து. மணிக்கு உயிரான பொருளை கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்து, எட்டாமல் தவிக்க விடுவது. பெரும்பாலான நாய்க்கு அந்தத் தவிப்பிலேயே குரல் உடைந்துவிடும். ஃபோனில் வேறு நாய் குரைப்பதைப் போட்டுக் காட்டுவதும் சில நாய்களிடம் பலிக்கும். ஃபேக்டரி சங்குக்கு ஊளையிடுகிற நாய்கள் உண்டு, அதற்கு மட்டும் கூலி கொடுத்துவிடாதீர்கள். ஊளையைப் பழக்கினால் ஊளைதான் கிடைக்கும். ‘நாய் ஊளையிட்டால் சாவு விழும்’ என்று அக்கம்பக்கத்தார் உங்களிடம் சண்டைக்கு வருவார்கள், அது தனித் தலைவலி.

நீங்கள் குரைத்துக் காட்டினீர்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. நாயின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, சத்தம் போட்டால் அதற்கு நீங்கள் கோபமாக இருப்பதாகப் படும். மணி முகத்தை நக்கியது உங்களைச் சமாதானப்படுத்தத்தான். பாவம், விட்டுவிடுங்கள்.

பச்சை மிளகாய் யோசனையை நான் வருடக்கணக்காகக் கேட்டு வருகிறேன். மிளகாய், இருட்டறை, பட்டினி, காதை அறுப்பது என்று இதற்கு ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. மிளகாயால் வருவது வாய் எரிச்சலும் வயிற்றுப்போக்கும். ரோஷம் வராது. காதை அறுப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். நாயைப் பொழுதெல்லாம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும் அதே சட்டத்தில் வருகிறது. இந்த வழிகளில் குரல் வந்தாலும் அது பயத்தில் வருகிற குரல், அடுத்தபடி கடி. உங்கள் வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறாள்.

குரைக்கக் கற்றுக்கொடுத்த அதே வாரத்தில் நிறுத்தவும் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பிறகு ‘ஐயா, இதை எப்படி நிறுத்துவது’ என்று வருகிறார்கள். இதற்கு ‘போதும்’ என்ற வார்த்தை வேண்டாம். நம் வீடுகளில் சாப்பாடு பரிமாறும்போது இலைக்கு இலை விழுகிற வார்த்தை அது. நம் பக்கத்து ‘கம்முனு’ நன்றாக இருக்கும். மணி இரண்டு தடவை குரைத்ததும் ‘கம்முனு’ என்று அமைதியாகச் சொல்லி, ஈரலை மூக்கருகே கொண்டுபோங்கள். மோந்து பார்க்கிற வாய் குரைக்காது. இரண்டு விநாடி மௌனம், ‘சபாஷ்’, ஈரல். அடுத்த நாள் நான்கு விநாடி, அப்புறம் பத்து. கத்திச் சொல்லாதீர்கள். நீங்கள் கத்தினால் மணிக்கு நீங்களும் சேர்ந்து குரைக்கிற மாதிரி இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. குரலுக்கு ஈரல் கிடைக்கிறது என்று தெரிந்த நாய் சும்மா இருக்காது. நீங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் எதிரே வந்து ‘வள்’ என்கும். மகள் கைதட்டிச் சிரிப்பாள், மாமியார் ஒரு துண்டு தோசை போடுவார். அத்தோடு மணியின் அமைதியான காலம் முடிந்தது. கேட்காமல் குரைத்தால் யாரும் திரும்பியும் பார்க்கக் கூடாது, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். முதல் சில நாள் இன்னும் பலமாகக் குரைத்துப் பார்க்கும், பிறகு விட்டுவிடும். பாதியில் மனமிரங்கினால் பலமாகக் குரைத்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். மகள் ‘யாரது யாரது’ என்று விளையாட்டுக்குச் சொல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் அவள் இந்தப் பாடத்தைச் செய்யவே கூடாது. ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்ற பழமொழியை நம்பிக் கை நீட்டினவர்களுக்குக் கட்டுப்போட்ட அனுபவம் எனக்கு உண்டு.

ஹாலில் நன்றாகச் செய்கிற மணி வராந்தாவுக்கு வந்ததும் ஒன்றும் தெரியாத மாதிரி முழிக்கும். வேண்டுமென்றே செய்வதில்லை. ஹாலில் படித்தது வராந்தாவிலும் செல்லும் என்பது நாய்க்குத் தானாகத் தெரியாது. இடம் மாறும்போதெல்லாம் தட்டிலிருந்து தொடங்கி வேகமாக ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். கதவு சாத்தியிருக்கும்போது, கரண்ட் போயிருக்கும்போது, நீங்கள் கட்டிலில் படுத்தபடி, மூடுபனியில் கேட்டே தெரியாத சாயங்காலத்தில் என்று ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். மாமியார் குரலுக்கும் பழக வேண்டும். அவர் ‘யாரது’வை வேறு ராகத்தில் சொல்வார் என்றால் இரண்டு பேரும் பேசி ஒரே ராகத்துக்கு வாருங்கள், இல்லாவிட்டால் விரல்களைக் குவித்து விரிக்கிற ஒரு கைச்சைகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரலைக் குறைத்துக்கொண்டே வரலாம், ஆனால் அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிப் பழகிய மணி குரைக்கும்போது வால் ஆடிக்கொண்டே இருக்கும். கவலைப்படாதீர்கள், கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்கு வால் தெரியாது. குரலில் வித்தியாசம் உண்டு என்பது உண்மை. நாய்களின் குரைப்பைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள், அந்நியரைக் கண்டு குரைப்பது அடித்தொண்டையிலும் கரடுமுரடாகவும், விளையாட்டில் குரைப்பது கீச்சென்றும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கொஞ்சம் கனமாக விழுகிற ‘வள்’ளுக்கு மட்டும் கூடுதல் துண்டு கொடுத்து வந்தால் குரல் மெதுவாகக் கீழிறங்கும். மற்றபடி மணியைக் கோபக்கார நாயாக்கத் தேவையில்லை. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் காலையும் மாலையும் உங்கள் வேலியோரமாகத்தான் நடக்கிறார்கள், அவர்கள் மேல் பாய்கிற நாய் உங்களுக்கே வம்பு.

இப்போது கரடி, சிறுத்தை. இங்கே நான் உங்களோடும் மாமியாரோடும் உடன்படவில்லை.

சிறுத்தைக்கு நாய் காவல்காரன் கிடையாது, இரை. மகாராஷ்டிராவில் அகோலே என்ற ஊரைச் சுற்றிக் கரும்பு வயல்களுக்கு நடுவே வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவை தின்றதில் எடைக் கணக்குப்படி 39 சதவீதம் வளர்ப்பு நாய்களாக இருந்தது. நீலகிரியில் தேயிலைக் காட்டை ஒட்டிக் குடியிருக்கிறவர்களுக்கு இதை ஆராய்ச்சி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் எழுந்து பார்த்தால் சங்கிலியும் பட்டையும் மட்டும் கிடந்த கதை ஊருக்கு ஊர் இருக்கிறது. வராந்தாவில் கட்டின நாய்க்கு ஓடவும் வழியில்லை. அது குரைப்பது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சிறுத்தைக்குச் சொல்வதாகத்தான் முடியும். அதனால் மணி இப்போது மாதிரியே உள்ளே படுக்கட்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக்கும் அதுதான் நல்லது. இரவு கடைசியாக ஒண்ணுக்குப் போக வெளியே விடும்போதும் விளக்கைப் போட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நில்லுங்கள்.

கரடி விஷயம் வேறு மாதிரி. அதற்குக் கண்பார்வை மந்தம், மூக்குதான் கூர்மை. கிட்டத்தில் திடீரென்று எதையாவது எதிர்கொண்டால் ஓடுவதற்குப் பதில் தாக்கும். கதவைத் திறந்து மணியை ஏவிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு குரை குரைத்து, கரடி திரும்பியதும் பயந்து ஓடி வரும். எங்கே ஓடி வரும்? உங்களிடம்தான், கரடியைப் பின்னால் கூட்டிக்கொண்டு. காட்டுமாடும் அப்படியே. அதுபாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும், நாய் போய்க் குரைத்ததும் தலையைத் தாழ்த்தும். விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தோட்டப் பாதையில் நாயைக் கூட்டிப் போகவே வேண்டாம். தனியாகப் போக நேர்ந்தால் நீங்களே சத்தமாகப் பேசிக்கொண்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போங்கள். தூரத்திலேயே மனிதக் குரல் கேட்டால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும்.

அன்று ராத்திரி மணி ஜன்னலில் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது என்றீர்கள். என்னைக் கேட்டால் வீட்டில் அன்றைக்குச் சரியாக நடந்துகொண்டது அதுதான். கரடி வந்ததற்குக் காரணம் பேரிக்காய். காய்க்கிற மாதங்களில் உதிர்ந்ததை அன்றன்றைக்கே சாயங்காலம் பொறுக்கிவிடுங்கள். மணியின் சோற்றுத் தட்டு, எண்ணெய் வாடை அடிக்கிற பாத்திரம், குப்பை எதுவும் இரவில் வெளியே இருக்கக் கூடாது. வாசலில் எண்ணெய் விளக்கு ஏற்றினால் அணைத்த பிறகு அகலை உள்ளே எடுத்து வையுங்கள், எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைக்கிற பிராணி அது. மறுபடி வந்தால் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே விளக்குகளைப் போட்டு, பாத்திரத்தைத் தட்டி, போக வழிவிட்டுக் காத்திருங்கள். அடிக்கடி வந்தால் கோத்தகிரி வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மிருகம் வாசலில் இருக்கும்போது ‘யாரது’ சொல்லவே சொல்லாதீர்கள்.

கடைசியாக இன்னொரு நாய். நன்றாகக் குரைக்கிற நாயோடு சேர்ந்தால் மணியும் குரைக்கத் தொடங்கலாம். ஒன்று குரைத்தால் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் முழுக்க நாய்கள் பிடித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அதில் நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. எதற்குக் குரைப்பது, எத்தனை நேரம் என்பதையெல்லாம் புது நாய்தான் மணிக்குச் சொல்லிக்கொடுக்கும். மூடுபனியில் ஒவ்வொரு நிழலுக்கும் குரைக்கிற இரண்டு நாய்களை வைத்துக்கொண்டு, பகலில் தூங்க வேண்டிய நைட் ஷிஃப்ட்காரர் என்ன செய்வார்? முதலில் மணிக்கு இரண்டு மாதம் கொடுங்கள். நீங்கள் தூங்கும்போது ஆள் வந்தது தெரிய வேண்டும் என்றால் கேட்டுக்கு ஆள் நடமாட்டத்தில் எரிகிற ஒரு சென்சார் விளக்கும், திறந்தால் சத்தம் போடுகிற ஒரு மணியும் மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நாயின் ஒரு மாதத் தீனிச் செலவுக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் வீட்டில் இன்னொரு நாய் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருந்தால் தாராளமாக வளருங்கள், முதலிரண்டு மாதம் இரண்டுக்கும் தனித்தனியாகப் பாடம் எடுங்கள்.